டாக்டரிடம் காட்டிய வீறாப்பு

எஃகு ஆலை உலைக்கு முன்னால் முப்பது வருஷம் வெந்தவர் கிளெமன்ட் யூரிக். ஒரே மகள் டார்லீன். மனைவி தெரேசா, மேட்டுத்தெரு பாலாக் வீட்டுப் பெண், போய்ச் சேர்ந்த வருஷமே அவருக்கு இடுப்பு முறிந்தது. டார்லீன் பள்ளிக்கூடச் சமையல் வேலையையும் வாடகை வீட்டையும் விட்டுவிட்டு அப்பாவோடு வந்து தங்கினாள். ஐந்து வருஷம் குளிப்பாட்டினாள், சூப் ஊட்டினாள், நனைந்த படுக்கையை மாற்றினாள்.

அந்த ஆலை ஆட்களுக்கு ஒரு புத்தி. காலே விழுந்துபோனாலும் வெளியாள் முன்னால் "முடியலை" என்று சொல்ல வாய் வராது. டாக்டர் ஹெய்ட்மன் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "வீட்டுல யாராச்சும் ஒத்தாசை பண்றாங்களா, கிளெமன்ட்?"

"எனக்கெதுக்கு ஒத்தாசை? இவ நான் சமைக்கிறதைத் தின்னுட்டு டிவி பாக்க வந்திருக்கா!"

கிழவருக்கு அதில் ஒரு சந்தோஷம். கெடுப்பானேன் என்று டார்லீனும் சிரித்துவைப்பாள்.

பிறகு பக்கவாதம். முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவர் சேர்த்து வைத்ததெல்லாம் இல்லத்துக் கட்டணத்திலேயே ஒரே வருஷத்தில் கரைந்தது. இனிமேல் அரசாங்கம் கட்டும். அவர் கண்ணை மூடியதும் வீட்டை விற்று, கட்டிய பணத்தை எடுத்துக்கொள்ளும். டார்லீனுக்கு அறுபத்திரண்டு வயது. வேறு கூரை கிடையாது.

"ஒரு வழி இருக்கும்மா," என்றாள் மாவட்ட ஆபீஸ்காரி. "இல்லத்துல சேர்க்கிறதுக்கு முந்தின ரெண்டு வருஷம் நீங்க கூடவே இருந்து பாத்துக்கிட்டதாலதான் அவரை முன்னாடியே அங்க சேர்க்கலைன்னு டாக்டர் எழுதித் தரணும். அப்ப வீட்டை உங்க பேருக்கு மாத்திக்கலாம்."

டாக்டர் பழைய குறிப்புகளைப் புரட்டினார். 'தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார்.' பதினோரு இடத்தில். "இதை வச்சு நான் எப்படி எழுத? சரி, செவ்வாய்க்கிழமை இல்லத்துக்கு வர்றேன். அவர் வாயாலயே சொல்லட்டும்."

செவ்வாய்க்கிழமை டாக்டரும் டார்லீனும் போனபோது சாப்பாட்டு நேரம். கிளெமன்ட் பக்கத்தில், அதே இல்லத்தில் இருக்கும் ஆலைக் கூட்டாளி ஸ்டான் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு முடியும்வரை டார்லீனுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, உன்னை நான் குளிப்பாட்டுனேனா இல்லையா? டாக்டர்கிட்ட சொல்லு."

ஸ்டான் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னடா கிளெம், உனக்குக் குளிப்பாட்ட ஆளா?"

கிழவர் முகம் சிவந்துவிட்டது. "எவன் சொன்னான்? வீட்டுக்காகக் கதை கட்டுறா, டாக்டரே!"

டாக்டர் பேனாவை மூடிப் பையில் செருகினார். அவளைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஸ்டானைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோன பிறகு கிளெமன்ட் மெதுவாகச் சொன்னார்: "அவன் முன்னாடி கேட்டா நான் என்னம்மா சொல்வேன்? தனியா வச்சுக் கேக்கக் கூடாதா?"

"தனியா வச்சுத்தான் பதினோரு தடவை கேட்டாரு."

கழிப்பறைக்குப் போகணும் என்றார் அவர்.

"மணியை அடி, வருவாங்க," என்று சொல்லிவிட்டு டார்லீன் கோட்டை மாட்டிக்கொண்டாள்.