ஆரமும் சுண்ணாம்புக் கல்லும்

தீவன ஆலை வேலையை விட்டுவிட்டு, கோழிப்பண்ணைகளுக்குத் தனியாகத் தீவன பார்முலா போட்டுக்கொடுக்கத் தொடங்கியபோது புது லேப்டாப் வாங்கினேன். மெல்லியது. காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரை தாங்கும். கோழி ஷெட்டில் பிளக் பாயின்ட் தேடி அலைந்தவளுக்கு அது போதும் என்று தோன்றியது. பழையது கோடையிலேயே உயிரை விட்டிருந்தது.

என் முதல் பண்ணை பரமத்தி வேலூர் போகிற வழியில். ஒருநாள் பத்து மணிக்கு அதன் முதலாளி போன் செய்தார்.

"அம்மிணி, மக்காச்சோளம் ஈரமா வந்துருச்சுங்க. லோடத் திருப்பி அனுப்பிட்டேன். இருக்கற சோளத்தோட பாதிக்குப் பாதி கம்புதான் போடணும். மதியம் அரவை ஓட்டணும், புது பார்முலா வேணுங்க."

பார்முலா போடும் மென்பொருளைத் திறந்தேன். திறந்தது. ஆனால் அது கேட்கும் பூட்டுச்சாவி, காசு கொடுத்து வாங்கியதற்கு அடையாளமான கட்டைவிரல் அளவு யூஎஸ்பி, சொருகியும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றது. மென்பொருள் விற்றவர்களைக் கூப்பிட்டேன்.

"உங்க லேப்டாப்ல இருக்கறது ஆர்ம்னு வேற ரகச் சிப் மேடம். எங்க புரோகிராமை அது பழைய மெஷின் மாதிரி வேஷம் போட்டு ஓட்டிரும். சாவியோட டிரைவர்கிட்ட மட்டும் அந்த வேஷம் செல்லாது. ஆர்முக்குத் தனி டிரைவர் நாங்க இன்னும் எழுதல."

ஆர்ம் சிப்தான் தகராறு என்று முதலாளியிடம் சொன்னேன். "ஆரமுங்களா? கழுத்துல போடறதுங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பண்ணையே கைவிட்டுப் போனால் ஆலைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

லேப்டாப்பில் ஸ்ப்ரெட்ஷீட் ஒழுங்காக ஓடியது. மக்காச்சோளம், கம்பு, சோயாப் புண்ணாக்கு, தவிடு என்று ஒவ்வொன்றின் புரதத்தையும் எரிசக்தியையும் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டு, கூட்டிக் குறைத்து ஒரு மணிக்கு முடித்தேன். அனுப்பப் போன நேரத்தில், ஆலையில் இருந்தபோது பிரின்ட் எடுத்து வைத்த பழைய பார்முலாவோடு ஒருமுறை ஒத்துப் பார்த்தேன்.

சுண்ணாம்புக் கல்லையே காணோம்! ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு வரி போடவே மறந்திருக்கிறேன். இதை அரைத்துப் போட்டிருந்தால் ஷெட் முழுக்க ஓடில்லாத தோல் முட்டைதான் விழும். அந்த வரியைச் சேர்த்தேன். பழைய பார்முலாவையும் என் ஷீட்டில் போட்டுப் பார்த்தேன், பிரின்ட்டில் இருந்த சத்துக் கணக்கெல்லாம் அப்படியே வந்தது. பிறகுதான் அனுப்பினேன்.

அந்த வாரம் போன் அடித்தாலே பண்ணை நம்பரா என்றுதான் முதலில் பார்த்தேன். எட்டாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"தோல் முட்டை ஒண்ணுகூடக் கூடலீங்க. ஆரம் வேலை செஞ்சுருச்சாட்ட இருக்குதுங்க!"

"ஆரம் செய்யலீங்க," என்றேன். "நாந்தாங்க செஞ்சேன்."