உப்புப் போடாத கிண்ணம்

அந்த வீட்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை எல்லோரும் என்றைக்கோ மறந்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு அவள் ‘பத்தியம்’, சின்னதுகளுக்குப் ‘பத்தியம் சித்தி’. அந்தப் பேரை வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, அக்கா புருஷன்தான். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையல்கூடத்தில் நோயாளிகளுக்குச் சமைக்கிறவள். அத்தானுக்கு இது போதாதா? கார் உதிரி பாகம் விற்கிற கடையில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர், வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்த நாக்கு சும்மா இருக்குமா? ஒரு விடுமுறை விருந்துக்கு அவள் ஆசை ஆசையாகக் காய் செய்து கொண்டுவந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, “எனக்கு எப்போ டிஸ்சார்ஜ்?” என்று கேட்டார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள், வேறென்ன செய்வது? ஆனால் மிச்சக் காயை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள்.

அதற்கப்புறம் விருந்து என்றால் அவளுக்கு வெங்காயம் உரிக்கிற வேலையும் தட்டுக் கழுவுகிற வேலையும்தான். அக்கா அவளை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. அக்கா ஒன்றும் கெட்டவள் இல்லை. அடுப்பு என்று வந்துவிட்டால் மட்டும் பட்டாளத்து அதிகாரி மாதிரி.

இந்த வருஷம் அந்த அதிகாரி குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்துவிட்டாள். சமையலைப் பங்கு போட்டே ஆகவேண்டும். கோழியைத் தம்பி ஏற்றுக்கொண்டான், சோற்றைத் தம்பி பெண்டாட்டி. இனிப்பு கடையில் வாங்கிக்கொள்ளலாம். மிச்சமிருந்தது காய். நான் பண்றேன் என்று இவள் சொன்னாள். அக்கா பெருமூச்சு விட்டு, சரி, பார்த்துப் பண்ணு என்றாள்.

பார்த்துப் பண்ணணுமாமே! ஒரு ஆஸ்பத்திரிக்கே பொங்கிப் போடுகிறவளிடம் சொல்கிற வார்த்தையா இது? ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் தித்திப்பாகத்தான் இருந்தது. இந்த ஒரு தடவை, தான் செய்த காயை எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டால் போதும். அந்தப் பேர் ஒழியும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

விருந்தன்று காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். பிஞ்சாகப் பொறுக்கி வாங்கிய பீன்ஸ். நுனி கிள்ளி, நார் உரித்து, முழுசாகவே கொதிநீரில் போட்டு, பச்சை பளிச்சென்று ஏறினதும் அள்ளிக் குளிர்ந்த தண்ணீரில் விட்டாள். அகலமான வாணலியில் உப்பில்லாத வெண்ணெயை உருக்கினாள். மெலிசாகச் சீவிய வெங்காயத்தை அதில் போட்டு, தீயைத் தணித்து, பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகிறவரை நிதானமாகக் கிளறினாள். இப்படி நின்று கிளற ஆஸ்பத்திரியில் யாருக்கு நேரம்? அப்புறம் பூண்டு, சீவின பாதாம், பீன்ஸ், கடைசியில் எலுமிச்சை. தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்து, வாசனையே ஆளைத் தூக்குதே அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனாள். இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுப்பை அணைத்தாள். அணைத்த கையோடு ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துத் தனியாக வைத்தாள். மிச்சத்தில் உப்பைத் தூவிப் புரட்டினாள். புரட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வழக்கம். எதைச் சமைத்தாலும் உப்பில்லாமல் சமைத்து, உப்பு ஆகாதவர்களுக்கு உள்ளதை முதலில் ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் மற்றதற்கு உப்பு. கை அதுபாட்டுக்கு அந்த வேலையைச் செய்துவிட்டது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கிண்ணத்தை வாணலியில் திருப்பிக் கொட்டப் போனாள்.

“அதுல உப்பு போட்டாச்சா?”

கதவோரம் அத்தான் நின்றிருந்தார். ஆரம்பித்துவிட்டாரய்யா என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரோ உள்ளே வந்து கதவைச் சாத்தினார். போன மாதம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். இதயம் பலவீனமாக இருக்கிறது, உப்பைக் கண்ணாலும் பார்க்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அக்காவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் அழுது, வந்திருக்கிற பிள்ளைகளையும் அழவைத்து, விருந்தே பாழாகிவிடும். அதனால் தினமும் பசியில்லை என்று சொல்லிப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாராம்.

“இன்னிக்கு எல்லார் நடுவுலயும் என்னத்தச் சாப்பிடறதுன்னே தெரியலம்மா” என்றார்.

அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. கிண்ணத்தை மூடி, இது உங்களுக்குத்தான் என்றாள். யாருக்கும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். சொல்லமாட்டேன், ஆனால் விருந்து முடிந்ததும் நீங்களே அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள். தலையாட்டிவிட்டுப் போனார்.

பந்தியில் முதலில் காலியானது அவளுடைய காய்தான். தம்பி கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டான். காய் என்றாலே ஓட்டம் பிடிக்கிற வாண்டுகள்கூடப் பாதாம் பொறுக்குகிற சாக்கில் பீன்ஸையும் தின்று தீர்த்தன. அத்தான் தட்டில் விழுந்த கோழியைத் தொடாமல், வெறும் சோற்றோடு கிண்ணத்துக் காயைச் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையில் கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அக்கா, நல்லாத்தாண்டி பண்ணியிருக்கே என்றாள். அதைக் கேட்டதும் இவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அக்கா பாத்திரத்தைப் பார்த்தாள், அது காலி. பக்கத்தில் புருஷன் முன்னாலிருந்த கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள்.

“என்னடி இது, உப்பே இல்ல?”

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டார்கள். என்னக்கா, வார்டு ஞாபகம் வந்துடுச்சா என்றான் தம்பி. எங்களுக்கு எப்போ டிஸ்சார்ஜ் என்று வாண்டுகள் கோரஸ் பாடின. அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை வாயும் அடைத்துப்போகும். ஆனால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்றே.

“ஆமாக்கா. பழக்க தோஷம். அந்தக் கிண்ணத்துக்கு மட்டும் போட மறந்துட்டேன்.”

மறுபடியும் சிரிப்பு. தண்ணீர் எடுக்கிற மாதிரி எழுந்து திரும்பிக்கொண்டாள். அழுகையாக வந்தது. அந்த மனுஷர் மேல் ஆத்திரமும் வந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

“அவ மறக்கல” என்றார் அத்தான்.

சிரிப்பு அடங்கிற்று. அவர் வேறு யாரையும் பார்க்காமல் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார். “எனக்காகத் தனியா வச்சிருக்கா. இதயம் சரியில்ல, உப்பு கூடாதுன்னு டாக்டர் சொல்லி ஒரு மாசமாச்சு. உங்கிட்ட சொல்ல எனக்கு பயமா இருந்துச்சு.”

தம்பி வாயில் போட்ட சோற்றை மெல்லவில்லை. அக்கா அழுது தீர்க்கப் போகிறாள் என்று எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் அழவில்லை. இடது கையால் புருஷன் தட்டிலிருந்த கோழித்துண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். கிண்ணத்தை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தினாள். தங்கச்சி பக்கம் திரும்பினாள்.

“எனக்கு இப்படியெல்லாம் சமைக்கத் தெரியாதுடி. கொஞ்ச நாள் இங்கேயே இரு. என் அடுப்புல நீ நில்லு. எனக்கு இவர் வேணும்.”

சரிக்கா என்று சொல்லி அவள் வந்து உட்கார்ந்தாள். அத்தான் கிண்ணத்தைக் காலி பண்ணுகிறவரை ஒருத்தரும் பந்தியை விட்டு எழுந்திருக்கவில்லை.