முந்நூறு வயது அடுப்பு

எங்கள் நாடு ஓர் உல்லாசத் தீவு என்று விமான நிலையத்தில் பெரிய படம் மாட்டியிருக்கிறார்களாம். நீலக் கடல், சாய்ந்த தென்னை, ஒரு யானை. அந்தப் படத்தில் எங்கள் வன்னி இல்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. யானை எங்களிடமும் உண்டு. ஆனால் அது படத்துக்கு நிற்காது, வாழைத் தோட்டத்துக்குள்தான் நிற்கும்.

கிளிநொச்சிக்குத் தெற்கே, பெரிய ரோட்டோரம் எங்கள் சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, நாலு மேசை, சுவரில் பிள்ளையார். மரக்கறி மட்டும். நான் முன்னுக்குக் கதிரையில் இருந்து வருகிறவர்களைக் கவனிப்பேன். என் மனிசி பின்னுக்கு விறகடுப்பில் சமைப்பாள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வான்கள் எங்கள் வாசலில் நிற்பதற்குக் காரணம் எங்கள் கறி என்று நான் நினைத்திருந்தேன். ஒரு டிரைவர்தான் கண்ணைத் திறந்துவிட்டார். வவுனியாவில் குடித்த தேத்தண்ணி சரியாக எங்கள் வாசலுக்கு வரும்போதுதான் இறங்கவேண்டும் என்று அடம்பிடிக்குமாம். ஆக, எங்கள் கடையின் புகழ் கழிப்பறையில் தொடங்குகிறது. ஆண்டவன் கிருபையால் அதைச் சுத்தமாக வைத்திருக்கிறோம்.

கழிப்பறைக்குப் போனவர்கள் திரும்பும் வழியில் குசினியை எட்டிப் பார்ப்பார்கள். வான்களோடு வருகிற ஒரு வழிகாட்டித் தம்பி, தொப்பி போட்டவர், நாலு பாஷை தெரிந்தவர், அங்கே நின்று இங்கிலீசில் ஏதோ விளக்குவார். வெள்ளைக்காரர் வாயைப் பிளந்து கேட்பார்கள், அடுப்பைப் படம் எடுப்பார்கள். ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்புக்குக் கைகூப்பினா. எனக்கு மெய் சிலிர்த்தது. அக்கினியை மதிக்கத் தெரிந்த சனம் கடல் கடந்தும் இருக்கிறதே என்று மனிசியிடம் சொல்லிச் சந்தோசப்பட்டேன். மனிசி, "உவை ஏன் என்ரை அடுப்பைக் கும்பிடினம்? நீங்கள் ஏதும் சொன்னனீங்களோ?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

விஷயம் வெளித்தது, அந்தத் தம்பி வெளிநாட்டுத் தமிழர் கொஞ்சப் பேரைக் கூட்டி வந்து அதே விளக்கத்தைத் தமிழில் கொடுத்தபோது. வன்னியை ஆண்ட அரசன் ஒருவன் போருக்குப் போகுமுன் எங்கள் முப்பாட்டன் வீட்டில்தான் சாப்பிட்டானாம். நான் திரும்பி வரும்வரை இந்த அடுப்பு அணையக்கூடாது என்று சொல்லிப் போனானாம். அவன் திரும்பி வரவில்லை. அடுப்பும் அணையவில்லை. முந்நூறு வருஷமாக எரிகிறது. அன்றைக்கு அரசன் சாப்பிட்டது கத்தரிக்காய்ப் பால்கறி. இன்றைக்கும் அதே கறி, அதே கைப்பக்குவம்.

குசினிக்குள் மனிசி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "கத்தரிக்காயைத் திண்டுபோட்டுச் சொறிஞ்சுகொண்டே சண்டைக்குப் போனவராமோ?"

என் முப்பாட்டனார் வன்னியைக் கண்ணால் கண்டதில்லை. குளத்துத் தண்ணீரை நம்பி அரசாங்கம் காணி கொடுத்த காலத்தில், என் அப்பாதான் யாழ்ப்பாணத்தில் இருந்து வட்டக்கச்சிக்கு வந்தவர். அந்த அடுப்பின் மூன்று கல்லும், சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது இடிந்து கிடந்த எங்கள் வீட்டுச் சுவரில் பொறுக்கியவை. ஆனால் அதை வந்து கேட்பார் ஒருவரும் இல்லை. கேட்டாலும் அதில் அரசன் இல்லையே.

தம்பியைத் தனியே கூப்பிட்டு, இது பாவம் இல்லையா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஐயா, தெற்கிலை கடற்கரை இருக்கு. கண்டியிலை பெரகரா ஊர்வலம் இருக்கு. உங்களிட்டை என்ன இருக்கு? கத்தரிக்காய். நான் கொஞ்சம் தாளிச்சு விடுறன், அவ்வளவுதான்."

நான் பொய் சொல்லவில்லை. சொன்னவரை மறுக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கதிரையைப் போட்டு வசதியாக இருந்தேன். வான்கள் கூடின. மகளின் கலியாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தேவாரம் படித்துவிட்டுக் கண்ணை மூடினால், பிள்ளையாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லைப் போலத்தான் தெரிந்தது. கண்ணை மூடினால் அப்படித்தான் தெரியும்.

இந்த வரலாற்றுக்கு ஒரே எதிரி என் மனிசி. எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால், வியாழன் பின்னேரம் சமையல் முடிந்ததும் அடுப்பை அணைத்து, சாம்பல் முழுவதையும் வாரி, சாணத்தால் மெழுகிக் கோலம் போடவேண்டும். வெள்ளி விடிய முழுகிவிட்டு வந்து, கற்பூரம் வைத்துப் புது நெருப்பு மூட்டவேண்டும். ஆகவே முந்நூறு வருஷமாக எரிகிற அடுப்பு, வாராவாரம் வியாழக்கிழமை செத்து வெள்ளிக்கிழமை பிறந்துகொண்டிருந்தது. தம்பியின் வான் வருவதும் வெள்ளியில்தான். ஒரு வியாழன் கொஞ்சத் தணலை மூலையில் மூடி வைத்தால் என்ன என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை பழைய நெருப்பிலை சுவாமிக்குப் படைக்கச் சொல்லுறியளோ? உங்கடை அரசன் வந்து கேட்டால் நான் சொல்லுறன், போங்கோ."

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, கனடாவில் இருந்து வந்த ஓர் அம்மா வானால் இறங்கினா. என் வயதுதான் இருக்கும். மற்றவர்கள் சாப்பிட இருந்தார்கள். அவா இருக்கவில்லை. கைப்பையில் இருந்து சின்ன எவர்சில்வர் சிமிழ் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஐயா, உங்கடை அடுப்பிலை இருந்து கொஞ்சம் சாம்பல் தருவீங்களே? என்ரை அவர் அங்கை ஆஸ்பத்திரியிலை கிடக்கிறார். டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம். இவ்வளவு காலம் அணையாத நெருப்பெண்டால் அதிலை ஏதோ இருக்கும். அவரின்ரை நெத்தியிலை பூசோணும்."

தம்பி பின்னால் நின்று பெருமையோடு தலையாட்டினார். குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது.

நான் காலையில் எழும்பித் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அந்த நெற்றியோடு இருந்துகொண்டு, பானை தேய்க்கிற சாம்பலை ஒரு சுமங்கலியின் சிமிழில் போட்டு, கொண்டுபோய் உங்கள் புருஷனுக்குப் பூசுங்கோ என்று சொல்லவேண்டுமாம். கத்தரிக்காயில் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது. ஒரு கரண்டி சாம்பலோடு அலுவல் முடியும். வான்களும் வரும். அவா நாளைக்கே விமானம் ஏறிவிடுவா.

"அம்மா, இது இண்டைக்கு விடிய மூட்டின நெருப்பு" என்றேன். "பழைய சாம்பலெல்லாம் பின்னாலை கீரைப்பாத்தியிலை கிடக்கு. அரசனும் இல்லை, ஒண்டும் இல்லை. இது நாங்கள் திரும்பி வந்த பிறகு போட்ட கடை."

அவா திகைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தா. தம்பி கொஞ்சமும் அசையவில்லை.

"பாத்தீங்களோ அன்ரி, நான் சொன்னனான்தானே. இந்தக் குடும்பம் பெருமை பேசாது. எல்லாருக்கும் சாம்பல் குடுக்கவும் மாட்டினம். நீங்கள் உருக்கமாக் கேளுங்கோ."

அந்த அம்மா உடனே கையெடுத்து என்னைக் கும்பிட்டா. உண்மை பேசினால் விளங்காத அளவுக்கு நான் பெரிய மகானாகியிருந்தேன். இனி எதைச் சொன்னாலும் அது என் அடக்கம் என்றுதான் ஆகும். அவா என் காலில் விழுந்துவிடுவாவோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

நேரே குசினிக்குப் போனேன். அவாவும் பின்னாலேயே வந்தா. சோற்றுப்பானையை இறக்கி வைத்தேன். பிள்ளையாரே, வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், பொறுத்துக்கொள்ளும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, குடத்துத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினேன். முந்நூறு வருஷம் ஒரு பெரிய இரைச்சலோடு புகையாகிப் போனது. கனடாக்காரர் எல்லாரும் இருமினார்கள். தம்பியின் நாலு பாஷையிலும் ஒரு சொல் வரவில்லை.

மனிசி அரை வேக்காட்டுச் சோற்றையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த காய்ந்த விறகையும் கொஞ்சம் தேங்காய்ப் பொச்சையும் எடுத்து வைத்து, லைற்றரைத் தட்டி மூட்டினாள். புகைக்குள் நின்றபடியே அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இவ்வளவுதான் எங்கடை நெருப்பு. இருங்கோ, சோறு அவியட்டும். நீங்கள் காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

அவா அங்கே கிடந்த பலகையில் இருந்து அழுதா. ஏமாந்த அழுகையா, அடக்கி வைத்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. மனிசி பக்கத்தில் போய் இருந்தாள். சுவாமித் தட்டில் எங்கள் ஊர்க் கோவில் திருநீறு இருந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் பாம்பைக் கண்டு பயந்தாலும் நாங்கள் பூசுவது அதைத்தான். அதைச் சிமிழில் நிரப்பிக் கொடுத்தேன். இதற்கும் டொக்டருக்கும் சண்டை இல்லை, இரண்டையும் செய்யுங்கோ என்று சொன்னேன். வெள்ளி தோறும் அர்ச்சனை செய்விக்கிறேன் என்று அவருடைய பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டேன். அவா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா. பிறகு சோறும் சாப்பிட்டா. கறி கொஞ்சம் உறைப்பு என்று குறையும் சொன்னா. அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

தம்பியின் வான்கள் அன்றோடு எங்கள் வாசலில் நிற்பதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போன வருஷம் திறந்த கடைக்கு மாறிவிட்டன. அங்கே அடுப்புக்கு இப்போது நானூறு வயதாம். வீதியைக் கடந்ததில் ஒரு நூறு வருஷம் கூடியிருக்கிறது. அந்த நெருப்பு காஸ் சிலிண்டரில் வருகிறது என்பதை ஒருவரும் கேட்கவில்லைப் போல. மகளின் கலியாணத்தை வரவுக்கு ஏற்றபடி சின்னதாகச் செய்துகொண்டோம். பந்தலில் ஒரு குறையும் இல்லை. வெள்ளி காலமைகளில் எனக்கு நேரம் மிஞ்சுகிறது. கோவிலுக்குப் போய் அந்தப் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுகிறேன். ஐயர், இவர் உங்களுக்கு என்ன முறை என்று ஒருநாள் கேட்டார். தெரியாது என்றேன். கனடாவில் இருந்து சேதி ஒன்றும் வரவில்லை. ஆகவே நிறுத்தவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளி, நான் கோவிலால் வந்து இருக்க, எதிர்க்கடைக்காரர் சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். நெடுங்கேணிப் பக்கம் குடியேறிய மலைநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை, நல்ல மனுஷன்.

"அண்ணே, கேஸ் தீந்துபோச்சுங்க. வேன் வந்து நிக்குது. கொஞ்சம் அடுப்பு தாங்களேன்."

மனிசி எங்கள் பானையை இறக்கி வைத்துவிட்டு அவருக்கு இடம் விட்டாள். நான் விறகைத் தள்ளிவிட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் தம்பி எங்கள் அடுப்புப் புகையைச் சுட்டிக்காட்டி இங்கிலீசில் ஏதோ விளக்கிக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் எல்லாரும் படம் எடுத்தார்கள்.