எட்டுத் திரைகளுக்குள் ஒரு தீவு

நமக்கே முந்தாநாள்தான் புரிந்த ஒன்றை, பிறந்ததிலிருந்தே தெரியும் என்கிற முகத்தோடு இன்னொருவருக்குச் சொல்லுவதுதான் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் தொழில். இதில் என்னோடு அவதிப்பட்ட அன்பர்கள் இப்போதே தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் பயிற்சிப் பள்ளி இருந்தது. முதலாளி பெயர் முத்தையா. குளிர்சாதன அறையில் ஒரு பெரிய மெஷின், அதிலிருந்து கம்பி இழுத்து எட்டுத் திரைகள். குளிர் மெஷினுக்காக, மனிதர்களுக்காக இல்லை. மாணவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிற கிளார்க்குகள், டைப்பிஸ்டுகள். ஆபீஸ் ஆபீசாகக் கம்ப்யூட்டர் இறங்கிக்கொண்டிருந்த காலம், எல்லார் முகத்திலும் ஒரு கலக்கம் இருக்கும். நான் அங்கே ஆசிரியை தெரசா. வயது இருபத்துநாலு. குரல் மட்டும் கீழே துணிக்கடை வரைக்கும் கேட்கும்.

மெஷினைப் பார்த்துக்கொள்ள வாரம் இரண்டு தடவை லிம் என்று ஒரு எஞ்சினியர் வருவார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அந்த மெஷினுக்குள் பொழுதுபோக்காக ஒரு தீவைச் செய்து வைத்திருந்தார். படம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். 'நீங்கள் கடற்கரையில் நிற்கிறீர்கள். வடக்கே ஒரு பாதை போகிறது' என்று திரை இங்கிலீஷில் சொல்லும். 'வடக்கே போ' என்று டைப் அடித்தால் அடுத்த இடம் வரும். காடு, வீடு, கிணறு, குகை என்று நாற்பது ஐம்பது இடங்கள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடலாம், எதிர்ப்பட்டால் டைப் அடித்தே பேசிக்கொள்ளலாம். விரல் பழகட்டும் என்று வகுப்பின் கடைசி அரைமணி நேரம் மாணவர்களைத் தீவில் விட்டுவிடுவோம். அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. கீழே இறங்கிப் போய்விடுவேன்.

சத்தியமாக 'ஏ' மட்டும்தான்

செல்வராணி அக்கா புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பஸ் பிடித்து வருவார். நாற்பது வயது. ஒரு கப்பல் கம்பெனியில் பதினெட்டு வருடமாக டைப்பிஸ்ட். வீட்டுக்காரர் தவறிப்போய் நாலு வருடம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள். வீடு ஓடுவதே அவர் சம்பளத்தில்தான். கம்பெனி மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தது. அதற்குள் கம்ப்யூட்டர் பரீட்சையில் தேறினால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் நாளே இதை என்னிடம் சொல்லிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, திரையை டாக்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

என் வகுப்புக்குச் சில சட்டங்கள் உண்டு. செருப்பை வெளியே கழற்ற வேண்டும், கை கழுவ வேண்டும், கேட்காமல் எதையும் தொடக்கூடாது. மெஷினுக்கு ஏதாவது ஆனால் என் தலை உருளும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் நான் ஒவ்வொருவர் முதுகுக்கும் பின்னால் நின்றுகொண்டு, விரல் கொஞ்சம் தவறினாலும் 'தொடாதீங்க' என்று ஒரு அதட்டல் போடுவேன். டைப்ரைட்டரில் மழை பெய்வதுபோல் அடிக்கிற அக்கா, இங்கே தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டு எடுப்பார். இப்படியே மூன்று வாரம் போய்விட்டது.

ஒருநாள் கீழே துணிக்கடையில் ஏதோ கோளாறாகி ஃப்யூஸ் போய்விட்டது. எட்டுத் திரைகளும் ஒரே நேரத்தில் இருண்டன. மற்றவர்கள் அப்பாடா என்று சோம்பல் முறித்தார்கள். அக்கா மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மிஸ், சத்தியமா நான் 'ஏ' மட்டும்தான் தொட்டேன்."

ஆள் இல்லாத வீடு

இன்னொரு நாள் நல்ல மழை. கீழே போக முடியாமல் நான் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டேன். தீவு நேரம் நடந்துகொண்டிருந்தது. தீவில் ஒரு வீடு உண்டு. 'கதவு திறந்திருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. மேசைமேல் ஒரு விளக்கு இருக்கிறது' என்று திரை சொல்லும். அந்த விளக்கு இல்லாமல் குகைக்குள் ஒரு அடி வைக்க முடியாது. எத்தனை பேர் எடுத்தாலும் மேசைமேல் இன்னொன்று இருக்கும். மற்ற ஏழு பேரும் விறுவிறுவென்று உள்ளே போய் விளக்கை எடுத்துக்கொண்டு குகைப் பக்கம் போய்விட்டார்கள். அக்கா வாசலிலேயே நிற்கிறார்.

பத்து நிமிடம் கழித்து எட்டிப்பார்த்தேன். 'வீட்டில் யாராவது இருக்கிறீர்களா?' என்று இங்கிலீஷில் மரியாதையாக அடித்திருந்தார். 'எனக்குப் புரியவில்லை. வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள்' என்று வந்திருந்தது. 'செருப்பைக் கழற்றிவிட்டேன்' என்று அடித்திருந்தார். அதற்கும் அதே பதில். இப்படி ஏழெட்டு வரிகள். எனக்குப் பொறுமை அந்தக் காலத்தில் கடுகளவுதான். "என்னக்கா பண்றீங்க, உள்ள போங்க, விளக்க எடுங்க" என்று கத்தினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "ஆள் இல்லாத வீட்டுல பூந்து சாமானத் தூக்கச் சொல்றீங்களே மிஸ், நல்லாவா இருக்கு?" என்றார்.

லிம் அன்று அறையின் மூலையில் ஏதோ திருகிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டவர் சிரிக்கவில்லை. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் டைப் அடித்தார். அடுத்த வகுப்பில் அந்த வீட்டுக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'வாருங்கள். நான் வெளியூர் போயிருக்கிறேன். விளக்கு உங்களுக்குத்தான்.' அதன் பிறகே அக்கா உள்ளே போனார். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று லிம்மிடம் நான் முணுமுணுத்ததற்கு அவர் சொன்ன பதிலை, அவர் வாயில் எப்போதும் ஒட்டியிருக்கிற 'லா'வை மட்டும் விடாமல், தமிழில் தருகிறேன்.

"நான் எழுதுனத நின்னு படிச்ச மொத ஆளு அவங்கதான் லா."

எந்த புளோக்?

எங்கள் பள்ளிக்குக் குவீன்ஸ்டவுனில் ஒரு கிளை திறந்தார்கள். லிம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, டெலிபோன் ரிசீவரை அதன்மேல் படுக்கவைத்து, அது கீச்கீச்சென்று கத்தி முடித்ததும் அந்தக் கிளையின் ஆட்களையும் எங்கள் தீவுக்குள் விட்டுவிட்டார். ஒருநாள் அக்கா குகைக்குள் வழி தெரியாமல் நின்றபோது, 'இங்கே இன்னொருவரும் இருக்கிறார்' என்று திரை சொல்லியிருக்கிறது. சிங்கப்பூரில் இரண்டு பேர் இருட்டுக் குகையில் சந்தித்தாலும் முதல் கேள்வி சாப்பிட்டாச்சா என்பதுதான். அதன்படி பேச்சு தொடங்கியிருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே சுற்றினார்கள். அக்காவுக்கென்று ஒரு முறை உருவாகிவிட்டது. புது இடத்துக்குப் போனால் முதலில் 'உதவி' என்று அடிப்பார். பிறகு நாலு திசையும் பார்ப்பார். பார்த்ததை, வீணான கம்ப்யூட்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு எழுதிவைப்பார். இதெல்லாம் அவர் காட்டிய தாள்களிலிருந்து எனக்குத் தெரிந்தது. அந்தக் குவீன்ஸ்டவுன் தோழி குகையின் தெற்குப் பக்கத்தை அளந்து சொல்ல, இவர் வடக்குப் பக்கத்தைச் சொல்ல, முழுக் குகைக்கும் வரைபடம் தயாராகிவிட்டது.

ஒரு மாதம் கழித்துத்தான் இரண்டாவது கேள்வி வந்தது, எந்த புளோக் என்று. பார்த்தால் இரண்டு பேரும் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரே புளோக், ஒரே அடுக்குமாடிக் கட்டடம். இவர் ஏழாவது மாடி. அந்தத் தோழி நேர் மேலே எட்டாவது மாடி மிஸஸ் டான். ஈரத்துணியை மூங்கில் கழியில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இவர் காயப்போட்ட துணிமேல் சொட்டச் சொட்ட விடுகிறவர். இரண்டு வருடமாக அக்கா விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பதும், அந்த அம்மா பதிலுக்கு மேலே தொம் தொம்மென்று நடப்பதுமாகச் சண்டை. லிஃப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். விஷயம் வெளிப்பட்ட மறுநாள், இப்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்று அக்காவைக் கேட்டேன்.

"தீவுல தங்கமான மனுஷி மிஸ். எட்டாவது மாடி ஏறுனாத்தான் மாறிடுறாங்க."

மறந்துபோன கமாண்டு

தவணையில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தபோது முதலாளி முத்தையா ஒரு கம்பெனி மேனேஜரை அழைத்துக்கொண்டு பள்ளியைக் காட்ட வந்தார். வந்த நேரம் தீவு நேரம். யாரோ கிணற்றில் விழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது, வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "படிக்க வந்த எடத்துல என்ன சிரிப்பு? நாளைக்கே அத அழிச்சிடுங்க" என்றார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் சரி சார் என்றேன். எனக்கும் அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. செல்வராணி அக்கா பிழைக்கவேண்டுமானால் கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்க நான் எழுதிக்கொடுத்த ஒன்பது படிகளை மனப்பாடம் செய்வதுதான் வழி என்று முழுசாக நம்பிக்கொண்டிருந்தேன்.

லிம்மிடம் சொன்னேன். மறுநாள் அழியவில்லை. மறுவாரமும் அழியவில்லை. முதலாளி லிம்மையே நேரில் பிடித்துக் கேட்டார். அந்த மெஷினைத் தலைகீழாகப் பிரித்து மாட்டத் தெரிந்த மனிதர், கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொன்னார்.

"அழிக்கிற கமாண்டு மறந்துபோச்சு, மிஸ்டர் முத்தையா. தேடிக்கிட்டே இருக்கேன் லா."

வேறு மெஷின்

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு அக்கா போகிறபோக்கில் சொன்னார், ஆபீசுக்குப் புது மெஷின் வந்து இறங்கிவிட்டது, சின்னதாக, மேசைமேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது என்று. பெயரைக் கேட்டேன். எங்கள் மெஷினுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான் மனப்பாடம் செய்யவைத்த ஒன்பது படிகளில் ஒன்றுகூட அதில் செல்லாது. ஆபீசில் எந்த மெஷின் வரப்போகிறது என்று மூன்று மாதமாக நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவணையை நீட்டித் தரச்சொல்லிக் கேளுங்கள் என்றேன். கேட்டாயிற்று, முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். அந்தச் சனிக்கிழமை மாதா கோயில் நவநாள் ஜெபத்தில் நான் எனக்காக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்த இரண்டு பிள்ளைகள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் மாடிப்படியிலேயே காத்திருந்தேன். அக்கா மெதுவாக ஏறி வந்தார். நடந்ததைச் சாவகாசமாகச் சொன்னார். பரீட்சைக்கு நாலு பேர். மற்ற மூன்று பேரும் இது நாங்கள் படித்த மெஷின் இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா முதலில் 'உதவி' என்று அடித்திருக்கிறார். ஒரு பட்டியல் வந்திருக்கிறது. ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்து, எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் கட்டம் போட்டிருக்கிறார். இரண்டு தடவை வழி தவறி, வந்த வழியே திரும்பியிருக்கிறார். கடிதம் அடிக்கிற இடம் கிடைத்ததும், பதினெட்டு வருட வேகத்தில் அடித்து முடித்து எழுந்துவிட்டார். வேலை நிலைத்துவிட்டது. மற்ற மூன்று பேருக்கும் கூடுதல் தவணை கொடுத்து, கற்றுக்கொடுக்கிற பொறுப்பை இவரிடமே விட்டிருக்கிறார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி, லிம், வகுப்பு மொத்தமும் சுற்றி நின்றது. ஆசிரியைக்கே உரிய ஆசை யாரை விட்டது? நாலு பேர் காதில் விழட்டும் என்று, "ஏன்க்கா, இவ்வளவு தைரியமும் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்சம் யோசித்தார்.

"கோச்சுக்காதீங்க மிஸ். தப்பா அடிச்சா திட்டாத எடம் அந்தத் தீவு ஒண்ணுதான். புரியல, வேற மாதிரி சொல்லுங்கன்னு மட்டும்தான் சொல்லும். நீங்க அப்பல்லாம் கீழ போயிருப்பீங்க."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? எல்லாரும் சிரித்தார்கள், நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அந்த அக்காவுக்கும், மறதிக்கார லிம்முக்கும் நான் பட்ட நன்றிக்கடன் இன்றுவரை தீரவில்லை. என் அதட்டலால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும், வரவில்லை. அடுத்த வகுப்பிலிருந்து மாணவர்களுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரப் பழகிக்கொண்டேன்.

ஆகவே என் சக ஆசிரியப் பெருமக்களே, நானும் மூன்று வருடம் தொண்டை வறளக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தேன், அதில் எல்லாரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டவருக்கு நான் செய்த ஒரே உதவி, நேரத்துக்கு அறையைவிட்டு வெளியே போனது.