தீபாவளிக்குக் காட்டுக்குப் போனவள்

தீபாவளி நெருங்கினால் அருள்புரத்து லைன் வீடுகளில் பூட்டுத் தொங்கும். பனியன் கம்பெனியில் போனஸை வாங்கிய கையோடு தெற்கத்தி ஆட்கள் பஸ் ஏறிவிடுவார்கள். ஓவர்லாக் டெய்லர் முத்துப்பேச்சி மட்டும் போக மாட்டாள். குடிகாரப் புருஷனை விட்டு வந்தவளுக்குச் சாத்தூரில் அண்ணன் வீட்டில் இடமில்லை.

2004 தீபாவளியன்று வீட்டுக்காரம்மா சுப்பாத்தாள் முறுக்குத் தட்டோடு வந்து நின்றாள்.

“ஏங்கண்ணு, லீவு பூராம் ஊட்டுக்குள்ளயேவா கெடப்பே? டாப்சிலிப்புக்காச்சும் போயிட்டு வா. பொள்ளாச்சியில பஸ் இருக்குது.”

முத்துப்பேச்சி அந்தப் பெயரையே அப்போதுதான் கேட்டாள். ஆனாலும் மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டாள். காட்டுக்குள் தனியாக விடமாட்டார்கள் என்பதால், வனத்துறைக்காரர்கள் கோயம்புத்தூர்க் காலேஜ் பையன்கள் சிலரோடு அவளையும் சேர்த்து அனுப்பினார்கள். வழிகாட்டி நல்லான், அந்தக் காட்டிலேயே குடியிருப்பவர்.

மழை விட்டிருந்தும் மரங்கள் விடவில்லை. இலைக்கு இலை சொட்டிக்கொண்டே இருந்தது. அட்டைகள் காலில் ஏற ஏற, நல்லான் புகையிலைத் தண்ணீரைத் தடவிவிட்டார். ஓடை ஒன்றை நெருங்கியபோது சட்டென்று கையைத் தூக்கினார். எதிரே பிரம்புப் புதரில் ஒரு யானை, வயிற்றுக்கடியில் குட்டி.

பையன் ஒருவன் போட்டோ எடுத்தான். வெளிச்சம் பளீரென்று அடித்தது. யானை காதுகளை விரித்து ஓடையில் இறங்கியது. பையன்கள் சிதறி ஓடினார்கள். முத்துப்பேச்சி வேர் தடுக்கிச் சேற்றில் விழுந்தாள். நல்லான் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

“அசையாதீங்கம்மிணி. குட்டி இருக்குது, அதுக்குத்தான் மிரட்டுது.”

கழுத்தில் ஓர் அட்டை ஊர்ந்தது. அவள் கையைத் தூக்கவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த யானை, திரும்பிப் போய்க் குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி மறைந்தது.

“பயந்துட்டீங்களா?”

“பயந்துதான் போனேன். அது இன்னும் கொஞ்ச நேரம் நின்னுருக்கலாம்னும் இருக்கு.”

சொன்ன பிறகு அவளுக்கே வியப்பாக இருந்தது.

அடுத்த தீபாவளிக்கும் போனாள், அதற்கடுத்ததற்கும். 2009இல் அண்ணன் ராக்கையா தேடி வந்தான். அவன் மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் பேச்சை எடுத்தான்.

“தீவாளிக்கு வீட்டுக்கு வா தாயி. இனி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

“கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துருதேண்ணே. தீவாளிக்கு மட்டும் கூப்பிடாத. காட்டுக்குப் போவணும்.”

“அங்க எந்தச் சாமி?”

“சாமியெல்லாம் இல்ல. மரந்தான். அட்டை கடிக்கும்.”

ராக்கையா அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பினான்.