திருவிழாவுக்கு வந்தவர்கள் கொண்டுபோன வைஃபை எண்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போகிறது. பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களும் எங்களைப் போல வைஃபை வைக்கப் போகிறார்களாம். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆயாக் கொட்டகையில் வேலை செய்தவள். பெற்றவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனபின் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்வேன். இப்போது சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். பாரோயில் இருக்கும் மருமகள் மாலதிக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவள்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக என் வீட்டில் வைத்து, ஒரே இன்டர்நெட் லைனை லயம் முழுக்க வைஃபையில் கொடுத்தாள். எங்கள் பள்ளத்தில் போனில் பேசும் அளவுக்குத்தான் சிக்னல் வரும், அதுவும் ஜன்னலோரம்.

சர்வரில் டிஎச்சிபி என்று ஒன்று உண்டு. வைஃபைக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் அது ஓர் எண் கொடுக்கும். எண் கிடைத்தால்தான் இன்டர்நெட் வரும். மாலதி 10 முதல் 30 வரை எண்களை வைத்து, ஒருமுறை கொடுத்தால் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாள். லயத்துக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் திருவிழா. சிரம்பானிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் சந்தோஷத்தில் அன்னதானப் பந்தலில் பலகை வைத்து, வைஃபை பாஸ்வேர்டைப் பெரிதாக எழுதிவிட்டார். சோறு போடுகிறவர்கள் இதையும் போட வேண்டாமா என்று கேட்டார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பாக்கியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் மகள் செல்வி, நீலாய் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். பத்து மணிக்கு பினாங்கு கம்பெனி ஒன்று வீடியோவில் இன்டர்வியூ வைத்திருந்தது. ஷிப்டை விட்டு ஆபீஸ் வேலைக்குப் போக அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. லேப்டாப்போ வைஃபையில் சேராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. செல்வி குளித்துக்கொண்டிருந்தாள், இது தெரியாது.

மாலதிக்குப் போன் போட்டேன். பலகை விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"அத்தே, பிள்ளைங்க வீட்டுக்குப் போயிட்டாலும் தொட்டில்ல அதுங்க துணியே கட்டிக் கெடக்கு. நேத்து வந்தவங்க எடுத்த எண்ணு இன்னும் அவங்க பேர்லயே இருக்கு, செல்விக்கு எடமில்ல. நீங்கதான் மாத்தணும்."

"நானா? பட்டன் தேடவே மத்தியானம் ஆயிரும்லா."

"ரெண்டே எடந்தான் அத்தே."

பாக்கியம் ஜன்னலில் போனைப் பிடித்துக்கொண்டு, மாலதி சொன்னதை எனக்குக் கத்திச் சொன்னாள். 30ஐ அழித்து 200 போட்டேன். 24ஐ அழித்து 1 போட்டேன். கூடவே ஒரு கமாவும் போய்விட்டது, அதைத் தேடிப் பிடித்தேன்.

"நீ முடிக்கிறதுக்குள்ள எம்பொண்ணுக்கு பென்சனே வந்துரும்," என்றாள் பாக்கியம்.

சேவ் செய்து, ரீஸ்டார்ட் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தேன். லேப்டாப் சுற்றுவது நின்றது. செல்வி மேலே கோட்டும் கீழே பூப்போட்ட பாத்தேக் கைலியுமாக ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டு போனாள். கேமராவில் கைலி தெரியாதாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இங்கிலீஷில் பேசுவதும் நடுவில் சிரிப்பதும் கேட்டது. பாக்கியம் என் கையை விடவேயில்லை.

வேலை கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல மண்டோர் மறுபடி பலகையை எடுத்தார்.

நான் கற்றது இதுதான். நாலு பேர் வந்துபோகும் இடத்தில் எண்களைத் தாராளமாக வையுங்கள், நேரத்தைக் குறைத்து வையுங்கள். பாஸ்வேர்ட் கேட்பவரிடம் இல்லையென்று சொல்ல வேண்டியிருக்காது.

கமா எங்கே வரும், கட்டளை எப்படி என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர் யாராவது, மாலதியானாலும் சரி, பார்த்துத் திருத்திக் கொடுங்கள். செல்விக்குக் கிடைத்த எண் 147. அதை மட்டும் பார்க்க வேண்டாம், அது சரி.