அலுமாரிக் கதவில் ஒட்டிய தாள்

என் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகளுக்கு ஐந்து வயது. நாலைந்து நாளைக்கு ஒருதரம்தான் வெளிக்குப் போவாள், அதுவும் கத்திக் கத்தி. ஒருமுறை இறுகிப்போய் இரத்தம் கசிந்ததிலிருந்து கக்கூஸ் என்றாலே பயம். வயிறு முட்டினால் காலைப் பின்னிக்கொண்டு அலுமாரியைப் பிடித்தபடி நிற்பாள். அடக்க அடக்க இன்னும் இறுகும். உடுப்பில் கறை பட்டால் ராத்தா அடிப்பார்.

ராத்தாவின் கணவர், மச்சான், மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்ததால் புத்தளத்துக் கிளினிக்குக்கு நான் கூடப் போனேன். டொக்டர் சிங்களத்தில் சொல்ல, நான் ராத்தாவுக்குத் தமிழில் சொன்னேன். கறை பிள்ளையின் குழப்படி இல்லை, இறுகியதைச் சுற்றித் தண்ணியாகக் கசிவது என்றார். அது எனக்கே புதிது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான்தான். அகதி முகாமில் வளர்ந்த ராத்தா மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆகவே பெரிய எழுத்தில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். குடிக்கிற பாணி மருந்து தினமும், போகத் தொடங்கியதும் நிறுத்தக் கூடாது. போத்தல் பாலைக் குறைக்கவும். தண்ணீர், பப்பாசி, கீரை. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் கக்கூஸ் கொமட்டில் இருத்தவும். அடிக்கக் கூடாது. கடைசி வரி சிவப்பு மையில்: சவர்க்காரம் வைக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் போகாவிட்டால் குளிக்கிற சவர்க்காரக் கட்டியைச் சீவி, பின்துவாரத்துக்குள் வைத்து விடுவார்கள். அவளுக்கும் இரண்டு தடவை வைத்திருந்தார்கள்.

கரைக்கு வந்த மச்சான் தாளைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுக்குள்ள கவர்மென்ட் கச்சேரியே திறந்துட்டீங்களே மச்சான்!"

பிள்ளை சிவப்பு வரியைத் தொட்டுப் பார்த்தாள். "இனி வைக்க மாட்டாங்களா மாமா?"

"மாட்டாங்க. மாமா எழுதி ஒட்டிட்டேனே."

கால் தொங்கக் கூடாது என்பதால் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக் கொமட்டின் முன் வைத்தேன். காலைச் சாப்பாடு முடிந்ததும் அவள் உள்ளே, நான் கதவுக்கு வெளியே. வலைக்குள் மாட்டாத நண்டு ஒன்றின் கதை சொல்வேன். "பிறகு?" என்று உள்ளிருந்து கேட்பாள். சில வாரங்களில் கதை முடியுமுன்னே, "மாமா, வாழைப்பழம் மாதிரி!" என்று கத்தத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு ஒரு நேர்முகப் பரீட்சைக்காக மூன்று நாள் கொழும்புக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் கட்டிலுக்கடியில் இருந்தாள். கொண்டு வந்த பிஸ்கட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்கதானே எழுதினீங்க" என்றாள்.

"என்னத்தம்மா?"

"சவர்க்காரம் வைக்கச் சொல்லி. உம்மா தாளைக் காட்டினா."

குசினியில் ராத்தா மீன் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"ரெண்டு நாளாப் போகல்ல. விடிஞ்சா முந்தல் ஊர்ல கலியாணம். புது உடுப்புல பட்டா சனம் என்ன சொல்லும்?"

"பின்ன ஏன் என்ட பேரைச் சொன்னீங்க?"

"ஒன்ட பேரைச் சொன்னாத்தானே அசையாமக் கிடப்பா."

அசையாமல்தான் கிடந்திருக்கிறாள். தாளை ஒட்டிய அன்றே அந்த வரியை ராத்தா எழுத்துக் கூட்டி வாசித்தது எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்று கேட்டவன்.

பிள்ளையைக் கூப்பிட்டு, சிவப்பு எழுத்துகளின் கீழே விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். கட்டிலுக்கடியிலிருந்தே பார்த்தாள்.

"நீங்க மாத்தி வாசிக்கிறீங்க."

தாளைக் கிழிக்கப் போனேன். "இருக்கட்டும் தம்பி," என்றார் ராத்தா. "அதைக் காட்டினா சொன்னபடி கேக்கிறா." கிழித்தேன். கதவில் பசையோடு ஒரு மூலை மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவள் மறுபடி அடக்கத் தொடங்கினாள். டொக்டர் மருந்தைக் கூட்டினார், முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். இப்போது தானே மீன் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு இருக்கிறாள். ஆனால் நான் கதவடியில் நிற்கக் கூடாது. கதையும் வேண்டாம். நான் வாசல் கேற்றுக்கு வெளியே போனால்தான் கொமட்டில் இருப்பாள்.

இன்று காலையும் போனேன். கேற்றைச் சாத்தும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"மாமா, போய்ட்டீங்களா?"

பதில் சொன்னால் நான் அங்கேயே நிற்பது தெரிந்துவிடும். சத்தம் போடாமல் ரோட்டுவரை நடந்தேன்.